குளிர்கால டயர்: கனடாவில் முதன்முறையாகக் கார் ஓட்டுபவருக்கு ஒரு விளக்கம்

கனடாவுக்குக் குடிவந்து முதல் கார் வாங்கும் பலர், வண்டியோடு வந்த ஆல் சீசன் டயர்களே ஆண்டு முழுவதற்கும் போதும் என்று எண்ணுகிறார்கள். டொரோண்டோ, மார்க்கம், பிராம்டன் போன்ற நகரங்களில் பனி பெய்த சில மணி நேரத்துக்குள் பனி வாரும் வண்டிகள் வந்துவிடுகின்றன, உப்பும் தூவப்படுகிறது, பெரும்பாலான நாட்களில் சாலை கறுப்பாகவே தெரிகிறது. அப்படியிருக்க, இன்னும் நான்கு டயர்களுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல, பனியைப் பற்றிப் பேசும் முன் குளிரைப் பற்றிப் பேசியாக வேண்டும். குளிர்கால டயர் முதலில் செய்யும் வேலை, கடுங்குளிரிலும் தன் ரப்பர் இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான். பனியைச் சமாளிக்கும் திறனெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

ரப்பரும் குளிரும்

ஓடும் கார் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு, டயர் ஒன்றுக்கு விரித்த கை அளவைத் தாண்டுவதில்லை. காரை நிறுத்துவதும், வளைவில் திருப்புவதும், மேட்டில் ஏற்றுவதும் இந்த நான்கு சிறு பரப்புகளின் பொறுப்பு. தார்ச் சாலை கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் அதன் மேற்பரப்பு மிக நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது. டயரின் ரப்பர் அந்த நுண்ணிய பள்ளங்களுக்குள் பிதுங்கி இறங்கி, வடிவம் மாறி, மீண்டும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போதுதான் பிடிமானத்தின் பெரும்பகுதி பிறக்கிறது. ரப்பர் இளகியிருந்தால் இது நடக்கும்; இறுகிவிட்டால் ரப்பர் சாலையின் மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு நகர்ந்துவிடும்.

சாதாரண டயரின் ரப்பர் கலவை ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது என்பது டயர் நிறுவனங்களும் போக்குவரத்துத் துறைகளும் பொதுவாகச் சொல்லும் அளவு. இதை ஒரு கோடாக நினைத்துக்கொள்ளக் கூடாது. குளிர்ந்த அலமாரியில் வைத்த தேங்காய் எண்ணெய் முதலில் கலங்கி, பிறகு தடித்து, கடைசியில்தான் கட்டியாவது போல, ரப்பரும் படிப்படியாகவே தன் இளக்கத்தை இழக்கிறது. கோடைக்கால டயர்கள் இதில் மிகவும் மோசம். ஆல் சீசன் டயர்கள் கொஞ்சம் தாங்கும், ஆனால் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி இறங்கும் கனடியக் காலைகளில் அவையும் விறைத்துவிடும். குளிர்கால டயரின் கலவையில் சிலிக்காவையும் பொருத்தமான ரப்பர் வகைகளையும் சேர்த்து, அத்தகைய குளிரிலும் அது இளகியே இருக்கும்படி செய்கிறார்கள். ஆகவே பனியே இல்லாத, உலர்ந்த, கறுப்பான சாலையில்கூட, கடுங்குளிர் நாளில் இரண்டு வகை டயர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

டயர் மாற்ற வேண்டிய நாளை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். முதல் பனி பெய்யட்டும் என்று காத்திருப்பது தவறான கணக்கு. பகலும் இரவும் சேர்ந்த சராசரி வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே இருக்கத் தொடங்கும்போது மாற்றிவிட வேண்டும். டொரோண்டோ வட்டாரத்தில் இது பெரும்பாலும் நவம்பரில் வரும், வடக்கே போகப்போக அக்டோபரிலேயே வந்துவிடும். முதல் பனி பெய்த மறுநாள் ஒவ்வொரு டயர் கடையிலும் கூட்டம் நிரம்பி வழியும் என்பதால், அக்டோபர் தொடக்கத்திலேயே நாள் குறித்துக்கொள்பவருக்கு அலைச்சல் குறைவு.

பனி, பனிக்கட்டி, சகதிப் பனி

குளிர்காலச் சாலையில் டயர் சந்திக்கும் பரப்புகள் பலவகை. ஒவ்வொன்றிலும் பிடிமானம் வெவ்வேறு விதமாக உண்டாகிறது என்பதால், டிரெட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் வெட்டுப் பரப்பின் அமைப்பைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவும்.

புதிதாகப் பெய்த பனியில் டயரின் அகலமான பள்ளங்கள் பனியை உள்ளே வாங்கி அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. பனியோடு பனி நன்றாக ஒட்டிக்கொள்ளும். குழந்தைகள் பனி உருண்டை பிடிக்க முடிவதும் இதனால்தான். பள்ளங்களுக்குள் அழுந்திய பனி சாலையில் கிடக்கும் பனியைப் பற்றிக்கொள்வதால் கார் நகர்கிறது, நிற்கிறது. எனவே பள்ளங்கள் ஆழமாக இருப்பது முக்கியம். தேய்ந்துபோன டயரில் பனி தங்க இடமில்லை.

பனிக்கட்டியின் மீது கதை வேறு. அங்கே பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, டயர் உரசும்போது பனிக்கட்டியின் மேல் மிக மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி வழுக்கலைக் கூட்டுகிறது. சுழியத்துக்கு மிகவும் கீழே இறங்கிய குளிரைவிட, சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் பனிக்கட்டி அதிகமாக வழுக்குவதும் இந்த நீரால்தான். குளிர்கால டயரை அருகில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு ரப்பர் கட்டையின் மீதும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வளைந்த வெட்டுகள் நெருக்கமாக இருப்பது தெரியும். சைப் எனப்படும் இந்த வெட்டுகள் சாலையில் அழுந்தும்போது சற்றே விரிந்து நூற்றுக்கணக்கான கூர்விளிம்புகளாகி, நீர்ப்படலத்தை உறிஞ்சி வெட்டி, பனிக்கட்டியைக் கவ்வுகின்றன. சில டயர்களில் ரப்பரே நுண்துளைகளோடு செய்யப்பட்டிருக்கும். அதுவும் நீரை இழுத்துக்கொள்ளவே.

உருகியும் உருகாமலும் கிடக்கும் சகதிப் பனி மூன்றாவது வகை. உப்புத் தூவிய நெடுஞ்சாலைகளில் இதைத்தான் அதிகம் காண்கிறோம். டயருக்கும் சாலைக்கும் இடையில் இது புகுந்து வண்டியைத் தூக்கிவிடக்கூடும் என்பதால், நீளவாக்கில் ஓடும் ஆழமான பள்ளங்கள் வழியாக இதை வெளியேற்றியாக வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்த வழி சுவையானது. பின்லாந்தில், இன்று நோக்கியன் டயர்ஸ் என்று அறியப்படும் நிறுவனத்தின் முன்னோடி, 1934 இல் லாரிகளுக்கான முதல் குளிர்கால டயரைச் செய்தது. கார்களுக்கான ஹாக்காபெலீத்தா என்ற குளிர்கால டயர் 1936 இல் வந்தது. பின்னர் உலோக முளைகள் பதித்த டயர்கள் குளிர்நாடுகளில் பரவின. அவை பனிக்கட்டியை நன்றாகக் குத்திப் பிடித்தன, ஆனால் வெறும் தார்ச் சாலையை அரைத்துத் தூளாக்கின. ஜப்பானின் வட நகரங்களில் அந்தத் தூசி மக்களின் மூச்சுக்கே கேடாகி, 1990 இல் முளை டயர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. முளை இல்லாமலே பனிக்கட்டியைப் பிடிக்கும் ரப்பரைத் தேட வேண்டிய கட்டாயத்தில் பிறந்தவையே இன்றைய மென்மையான டயர்கள். அவற்றுள் ஒன்றான, பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் பிளிசாக் டயர், அச்சட்டத்துக்கு முன்பே 1988 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. முளை டயர்களின் பயன்பாடு கனடாவிலும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது: கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை அனுமதி உண்டு, தென் ஒன்ராறியோவில் வசிப்பவருக்கு அனுமதி இல்லை. நகரத்தில் ஓட்டுபவருக்கு அவை தேவையும் இல்லை.

நிற்பதுதான் சோதனை

ஆல் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்குக் குளிர்கால டயர் வேண்டாம் என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். இந்த ஓர் எண்ணத்தைத்தான் இக்கட்டுரை எல்லாவற்றுக்கும் மேலாக மாற்ற விரும்புகிறது, ஏனென்றால் இதன் ஆபத்து எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போவதால் அந்த வண்டி பனியில் சுலபமாகப் புறப்படுகிறது. புறப்பட்ட சுலபத்தைப் பார்த்து ஓட்டுநர் சாலை நன்றாக இருக்கிறது என்று நம்பி வேகமெடுக்கிறார். ஆனால் பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களிலும்தான் வேலை செய்கிறது. நிறுத்தும்போது ஆல் வீல் டிரைவ் எந்தக் கூடுதல் உதவியும் செய்வதில்லை. வண்டி கனமாக இருப்பதும் அதை விரைவாக நிறுத்தாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், வழுக்கல் தடுப்பு போன்ற மின்னணு வசதிகளும் இருக்கிற பிடிமானத்தைச் சரியாகப் பங்கிட்டுப் பயன்படுத்துமே தவிர, இல்லாத பிடிமானத்தை உண்டாக்க அவற்றால் ஆகாது.

எளிய இயற்பியல் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். டயர் சாலையைப் பற்றும் அளவைக் காட்டும் எண்ணான உராய்வுக் கெழு, உலர்ந்த தார்ச் சாலையில் 0.8 என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து கார் 12 மீட்டரளவில் நின்றுவிடும். இறுகிய பனியில் கெழு 0.2 ஆகக் குறைந்தால் அதே கார் 49 மீட்டர் ஓடித்தான் நிற்கும். நல்ல டயரால் அந்தக் கெழு 0.3 ஆக உயர்ந்தால் 33 மீட்டர் போதும். எண்ணில் பார்த்தால் 0.2 க்கும் 0.3 க்கும் இடையிலான வித்தியாசம் அற்பமாகத் தெரியும். சாலையில் அது 16 மீட்டர், அதாவது மூன்றுக்கும் மேற்பட்ட கார்களின் நீளம். முன்னால் ஒரு பாதசாரிக் கடவை இருக்கும்போது அந்த நீளத்துக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்: 100 கிலோமீட்டர் வேகத்தில் மேற்சொன்ன தூரங்கள் ஒவ்வொன்றும் நான்கு மடங்காகின்றன.

பக்கச் சுவரில் என்ன பார்க்க வேண்டும்

டயரின் பக்கச் சுவரில் இரண்டு வகையான குறிகளைக் காணலாம். எம்+எஸ் என்ற எழுத்துகள், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றபடி டிரெட்டின் பள்ளங்கள் அமைந்திருப்பதைக் குறிக்கின்றன. அந்த எழுத்துகளைப் பொறிக்க எந்தச் சாலைச் சோதனையும் தேவைப்படுவதில்லை. பெரும்பாலான ஆல் சீசன் டயர்களில் இவை இருக்கும். மற்றொன்று, மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம். இறுகிய பனியில் நடத்தப்படும் ஒரு தரப்படுத்தப்பட்ட சோதனையில், ஒப்பீட்டுக்கான டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலான இழுவையைக் காட்டும் டயருக்கே இந்தச் சின்னம் கிடைக்கும். வாங்குபவர் தேட வேண்டியது இந்த மலைச் சின்னத்தைத்தான்.

ஆயினும் அதன் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. வட அமெரிக்காவில் வழங்கும் இச்சோதனை, பனியில் வண்டி முன்னோக்கிச் செல்லும் இழுவையை மட்டுமே அளக்கிறது. பிரேக் பிடிப்பதையோ, வளைவில் திரும்புவதையோ, பனிக்கட்டியின் மீதான பிடிமானத்தையோ அளப்பதில்லை. ஆகவே சின்னம் உள்ள எல்லா டயர்களும் ஒரே தரம் என்று கொள்ள முடியாது. இது முக்கியமாக ஆல் வெதர் எனப்படும் டயர்களை எடைபோடும்போது உதவும். ஆல் சீசனிலிருந்து வேறான இவை மலைச் சின்னம் பெற்றவை. ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம். நகருக்குள் குறைவாக ஓட்டுபவர், இன்னொரு தொகுதி டயரை வைக்க இடமில்லாத அடுக்குமாடி வாசி ஆகியோருக்கு இவை ஏற்றவை என்பது என் கருத்து. ஆனால் விடியற்காலையில் பணிக்குப் போகிறவர், 401 நெடுஞ்சாலையில் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுகிறவர், வடக்கே பேரி, சட்பரி பக்கம் செல்கிறவர் ஆகியோர் முழுமையான குளிர்கால டயரையே வாங்க வேண்டும். கோடை வெயிலுக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட கலவை, பனிக்கட்டியில் சற்று விட்டுக்கொடுத்தே ஆகும்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறுபடுகிறது. கியூபெக்கில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம்; இப்போதைய விதிப்படி அம்மாகாணத்தில் பதிவான கார்கள் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னமுள்ள டயர்களோடு ஓட வேண்டும், முளை டயர்களும் ஏற்கப்படும்; மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பாதைகள் பலவற்றில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் தேவை. அங்கே எம்+எஸ் குறியும் ஏற்கப்படுகிறது, ஆனால் டிரெட்டின் ஆழம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தமிழர்கள் மிகுதியாக வாழும் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. எனினும் 2016 முதல் அம்மாகாணத்துக் காப்புறுதி நிறுவனங்கள் குளிர்கால டயருக்குக் கட்டணச் சலுகை தர வேண்டும் என்பது விதி. சலுகை தானாக வந்து சேரும் என்று இருந்துவிடாமல், டயர் வாங்கிய ரசீதை வைத்துக்கொண்டு காப்புறுதி முகவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

அளவும் ரிம்மும்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் டயரின் அளவும் காற்றழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். 205/55ஆர்16 91எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்கில். ஆர் என்பது உள்ளமைப்பின் வகையையும், 16 என்பது ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் காட்டுகின்றன. 91 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். கடைசி எழுத்து வேக எல்லை: எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், டி என்றால் 190. குளிர்கால டயரில் வேகக் குறியீடு சற்றுக் குறைவாக இருக்கலாம், அந்த வேகத்தைத் தாண்டாத வரையில் கேடில்லை. சுமைக் குறியீடு மட்டும் தாளில் உள்ளதைவிடக் குறையவே கூடாது. மின்சாரக் கார்கள் பேட்டரியால் கனமானவை என்பதால் அவற்றுக்கு இது இன்னும் கண்டிப்பான விதி.

மேற்சொன்ன அளவுக்குப் பதிலாக 195/65ஆர்15 பொருத்தலாமா என்று கடைக்காரர் கேட்கக்கூடும். இதில் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ஒடுங்கிய டயர் அதே எடையைக் குறைந்த அகலத்தில் அழுத்துவதால், தளர்ந்த பனியையும் சகதியையும் கிழித்துக்கொண்டு அடித்தளத்தைத் தொடுகிறது. சிறிய ரிம்முக்கு விலையும் குறைவு. பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் பனிக்காலக் குழிகளில் இறங்கும்போது ரிம் அடிபடுவதும் குறையும். ஆனால் மொத்த விட்டம் மாறக் கூடாது, மாறினால் வேகமானி தவறாகக் காட்டும். கணக்கைப் பார்த்தால், முதல் டயரின் விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 634.5, வேறுபாடு அரை சதவீதம்கூட இல்லை. இருந்தாலும் சிறிய ரிம் எல்லாக் கார்களிலும் ஏறாது, உள்ளே இருக்கும் பிரேக் பாகத்தில் இடிக்கலாம். காரின் கையேட்டில் அந்த அளவு ஏற்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

குளிர்கால டயருக்கென்று தனி ரிம் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் கூலி கூடும், டயரின் விளிம்பும் நாளடைவில் சேதமாகும். சாதாரண இரும்பு ரிம் உப்பில் துருப்பிடித்தாலும் கவலையில்லை, காரோடு வந்த அழகான அலாய் ரிம்கள் உப்பிலிருந்து தப்பும். நட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடுத்துளையின் அளவும், ரிம் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவும் காருக்குப் பொருந்த வேண்டும். நட்டின் அடிப்பகுதி வடிவத்தைப் பலர் கவனிப்பதில்லை: ஹோண்டா கார்களோடு வரும் நட்கள் உருண்ட அடி கொண்டவை, வெளியில் வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்களுக்கானவை. பொருந்தாத நட் இறுக்கியது போலவே இருக்கும், ஓடும்போது தளரும்.

டயர் அழுத்தத்தைக் காட்டும் சென்சார் உள்ள காரில், புதிய ரிம்களிலும் சென்சார் போடாவிட்டால் எச்சரிக்கை விளக்கு குளிர்காலம் முழுவதும் எரியும். கனடாவில் சென்சார் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைப் பார்த்துப் பழகிவிட்டவர், உண்மையில் காற்று இறங்கும் நாளில் அதைக் கவனிக்க மாட்டார் என்பதால் அந்தச் செலவைச் செய்வதே நல்லது.

பழைய டயர் வாங்குபவர் பார்க்க வேண்டியவை இரண்டு. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் செய்த காலத்தைச் சொல்லும். 3523 என்றால் 2023 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம். அடுத்தது டிரெட்டின் ஆழம். புதிய குளிர்கால டயரில் அது 8 அல்லது 9 மில்லிமீட்டர் இருக்கும். சட்டம் 1.6 மில்லிமீட்டரில்தான் டயரைத் தேய்ந்ததாகக் கருதுகிறது, ஆனால் பனியைப் பொறுத்தவரை 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரைக் குளிர்கால டயர் என்று சொல்வதற்கில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று மொட்டை டயருக்குப் பணம் கொடுப்பதைவிட, அதிகம் பேசப்படாத நிறுவனத்தின் புதிய டயரை வாங்குவது மேல்.

நான்கும் ஒரே வகை

செலவைக் குறைக்க இரண்டு மட்டும் மாட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. முன்சக்கரங்களில்தானே விசை போகிறது, அங்கே மட்டும் போட்டால் போதும் என்பது அதன் நியாயம். அப்படிச் செய்தால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக்கைத் தொட்டதும் காரின் வால் வெளியே வீசி, வண்டி சுழன்றுவிடும். பின்சக்கரங்களில் மட்டும் போட்டால், திருப்பிய பக்கம் திரும்பாமல் கார் நேராகப் போகும். இரண்டாவது தவறைவிட முதலாவது மிகவும் கொடியது, ஏனென்றால் சுழலத் தொடங்கிய காரைத் தேர்ந்த ஓட்டுநராலும் எளிதில் மீட்க முடியாது. நான்கு சக்கரங்களிலும் ஒரே நிறுவனம், ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானம் என்பதில் சமரசம் கூடாது. நான்கு வாங்கக் கையில் பணம் இல்லாவிட்டால், நான்கு நல்ல ஆல் சீசன் டயர்களோடு மெதுவாக ஓட்டுவதுகூட இரண்டும் இரண்டும் கலந்து ஓட்டுவதைவிடப் பாதுகாப்பானது.

பொருத்துதல்

ரிம்மோடு இருக்கும் சக்கரத்தை வீட்டிலேயே மாற்றலாம். டயரை ரிம்மில் ஏற்றுவதும் சமநிலை பார்ப்பதும் கடையின் இயந்திரத்தால் மட்டுமே ஆகும். வீட்டில் மாற்றுவதானால் சமதளமான, கெட்டியான தரை வேண்டும். கைப்பிரேக்கைப் போட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்களைக் கால் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். அதன் பிறகு கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கை வைத்துத் தூக்கி, அருகில் ஒரு தாங்கியையும் நிறுத்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ காலோ நீட்டக் கூடாது.

பழைய சக்கரத்தைக் கழற்றியதும், ரிம் வந்து உட்காரும் இரும்புப் பரப்பைக் கம்பித் தூரிகையால் துருப் போகத் தேய்க்க வேண்டும். இது அவசரத்தில் விட்டுவிடப்படும் வேலை. துருத்தூள் இடையில் சிக்கியிருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் சில நாட்களில் அந்தத் தூள் நொறுங்கி நட் தளர்ந்துவிடும். புதிய டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால், கார் முன்னோக்கிப் போகையில் சக்கரம் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். வெளிப்பக்கம் எது என்று குறித்திருந்தால் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். நட்களை முதலில் கையால் திருகி, பின் ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திர வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சக்கரத்தைத் தரையில் இறக்கியபின் இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குவது கடைசிப் படி. பல சிறு கார்களில் அது 80 முதல் 100 அடி-பவுண்டு வரை இருக்கும். குறைவாக இறுக்கினால் சக்கரம் கழன்றுவிடலாம், அளவுக்கு மீறி இறுக்கினால் திருகாணி இழுபட்டு முறியும், பிரேக் தட்டும் வளையலாம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். கடையில் மாட்டியிருந்தாலும் இதைச் செய்யத் தயங்கக் கூடாது. பல கடைகள் இதற்குப் பணம் வாங்குவதில்லை.

காற்றழுத்தம்

குளிரில் காற்று சுருங்குவதால், வெப்பநிலை ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரி இறங்கும்போதும் டயரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைகிறது. 20 டிகிரி வெயிலில் 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், சுழியத்துக்குக் கீழே 10 டிகிரிக் காலையில் 28 பிஎஸ்ஐதான் காட்டும். எங்கும் காற்று கசியவில்லை, ஆனாலும் டயர் குறையழுத்தத்தில் இருக்கிறது. பனியில் பிடிமானம் கூடும் என்று வேண்டுமென்றே காற்றைக் குறைப்பவர்களும் உண்டு. சாலையில் ஓடும் காருக்கு அது தவறு: ஓரங்கள் தேயும், நடுப்பகுதி சரியாக அழுந்தாது, திருப்பும்போது வண்டி தள்ளாடும். மாதம் ஒருமுறையாவது, கார் சில மணி நேரம் வெளியில் நின்று குளிர்ந்தபின் அளந்து, கதவுத் தாளில் உள்ள அளவுக்கு நிரப்ப வேண்டும். சூடான கராஜுக்குள் அளப்பவர், வெளியே போனதும் அளவு இறங்கிவிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

புதிய டயரை மாட்டிய முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு நிதானமாக ஓட்டுவது நல்லது. அச்சிலிருந்து எடுக்க உதவும் எண்ணெய்ப்பசை மேற்பரப்பில் இருக்கும், சைப் வெட்டுகளின் விளிம்புகளும் இன்னும் திறந்துகொண்டிருக்காது. இதுவும் முதல் பனிக்கு முன்பே மாட்டிவிடுவதற்கு ஒரு காரணம்.

கழற்றி வைத்தல்

வசந்தத்தில் சராசரி வெப்பநிலை மறுபடி 7 டிகிரிக்கு மேல் நிலைத்ததும் குளிர்கால டயரைக் கழற்றிவிட வேண்டும். இளகிய ரப்பர் சூடான தார்ச் சாலையில் விரைவாகத் தேயும், கோடையில் பிரேக் பிடிக்கும்போது நிற்கும் தூரமும் கூடும். ஏப்ரலில் ஒரு நாள் வெயில் அடித்ததை நம்பிக் கழற்றினால் மறுவாரமே பனி பெய்யக்கூடும். ஒரு வாரம் பொறுப்பதில் நட்டமில்லை. கழற்றும்போது ஒவ்வொரு டயரும் எந்த இடத்தில் இருந்தது என்று சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தலாம். உப்பையும் அழுக்கையும் கழுவி நன்றாக உலர்த்தி, வெயில் படாத, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். ரிம்மோடு இருப்பவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம்; ரிம் இல்லாதவற்றை நிமிர்த்தி நிறுத்தி, சில வாரங்களுக்கு ஒருமுறை சற்றே உருட்டிவிட வேண்டும். வீட்டு உலையும் மின்மோட்டாரும் இருக்கும் மூலையைத் தவிர்ப்பது நல்லது, மோட்டாரின் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும்.